கண்ணா, உயிரா?

1951ஆம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்ரனின் மாநகர வைத்தியசாலை ஒன்றிலே குறைமாதத்திற் பிறந்த குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிகளுள் வைத்துப் பேணப்படுகின்றன. சில பெட்டிகளுக்கு ஒட்சிசன் தாராளமாகச் செல்கின்றது. வேறு சிலவற்றுக்கு மட்டுப்படுத்திய அளவிலேயே செல்கின்றது. அவ்வாறு வகுத்தவர் ஆர்னல் பற்ஸ் என்னும் இளங் கண் வைத்தியர். பகலில் அவர் வகுத்த ஒழுங்கு நிலவியது. இரவானதும் கதை வேறு. வைத்தியர் சென்ற பின்னர், பணியிலிருந்த தாதியர் சிலர் ஒட்சிசன் குறைவாகப் பெற்ற குழந்தைகளுக்கு அதனைக் கூட்டி விட்டனர். மூச்சு முட்டிப் பிள்ளைகள் இறந்துவிடுமே என்பது அவர்களது அச்சம்.

அன்பினாற் செய்த செயல் அது. அந்த அன்புதானே அக்குழந்தைகளின் பார்வையைப் பறிக்கின்றது என்பது பற்ஸ் கொண்டிருந்த ஐயம்.

அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே பொஸ்ரன் நகரிற் கதை தொடங்கிவிட்டது. 1941இல் அங்கே குறைமாதக் குழந்தையொன்றின் கண்மணிகளின் பின்னே வெண்சாம்பல் நிறப் படலம் காணப்பட்டது. மறு ஆண்டில் தியோடர் ரெரி என்னும் கண் வைத்தியர் இதனைப் பற்றி எழுதினார். கண்வில்லையின் பின்னே நார்த்திசு படரும் நோய் என்ற பொருளில் இதற்கொரு பெயரும் ஏற்பட்டது. காரணத்தை அறியாமலே 1946இல் ரெரி மறைந்தார். உயிர்ச்சத்து, இரும்புச்சத்து, பால், ஒளி என ஏறத்தாழ ஐம்பது காரணங்கள் கூறப்பட்டன. இதில் விந்தை யாதெனில், நோய்கள் வழக்கமாக வறியோரை நாடுவனவாயிருக்க, இது வசதி மிக்க வைத்தியசாலைகளையே நாடிச் சென்றது. 1953 அளவில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர். 1950இல் மிச்சிக்கன் மாநிலத்தில் ஆறு வாரம் முந்திப் பிறந்து, பின்னாளில் ஸ்ரீவி வொண்டர் என இசையுலகு போற்றியவரும் இந்நோயினாற் பார்வை இழந்தவரே.

வசதி மிக்க வைத்தியசாலைகளில் இருந்ததும் ஏனையவற்றில் இல்லாததும் ஒட்சிசனே. 1951இல் மெல்பேண் நகரத்து வைத்தியர் கேற் கம்பெல், ஒட்சிசனை அளவின்றி வழங்கிய இடங்களையும் அளவோடு வழங்கிய இடங்களையும் ஒப்பிட்டு இந்த ஐயத்தை வெளியிட்டார். அஃது எவ்வாறு கேடு செய்கின்றது என்பதை இலண்டனில் நோர்மன் அஷ்ரன் பூனைக்குட்டிகளைக் கொண்டு விளக்கினார். பிறந்த பூனைக்குட்டியின் விழித்திரை குறைமாதக் குழந்தையினதைப் போன்று முதிராதது. கருவிலுள்ள சிசுவின் விழித்திரையிற் குருதிக் கலன்கள் பார்வை நரம்பருகே தொடங்கி விளிம்பை நோக்கிச் சிறிது சிறிதாகப் படர்கின்றன. மாதம் நிறையுங் காலத்திலேயே அப்படர்ச்சி முடிவுறும். முந்திப் பிறந்த குழந்தைக்கு அளவுமீறி ஒட்சிசன் கிடைக்குமாயின், பாதி வழியில் நிற்கும் அக்கலன்கள் சுருங்கி அடைபட்டுப் போகின்றன. பின்பு சாதாரண காற்றுக்குத் திரும்புகையில், குருதி எட்டாத விழித்திரை பட்டினி கிடந்தவனைப் போல அவாவுகின்றது. புதிய கலன்கள் ஒழுங்கின்றி முளைக்கின்றன, கசிகின்றன, தழும்பாகி விழித்திரையை இழுத்துப் பெயர்க்கின்றன.

எனினும் வைத்திய உலகு உடனே நம்பிவிடவில்லை. அது வேறு மருந்துகளையும் நம்பியிருந்தது. நியூயோர்க்கிலே வில்லியம் சில்வர்மனும் அவர்தம் தோழர்களும் ஓமோன் மருந்தொன்றை 31 குழந்தைகளுக்கு வழங்கினர். 25 குழந்தைகள் நல்ல பார்வையுடன் வீடு சென்றனர். இதனினும் மேலான சான்று வேண்டுமோ என எவரும் கேட்டிருப்பர். சில்வர்மன் அதனுடன் அமையாது, குழந்தைகளைக் குறிப்பின்றி இரு கூறாக்கி மீண்டும் ஆராய்ந்தார். மருந்து பெற்ற கூட்டத்திலேயே கூடுதலானோர் பார்வை இழந்தனர். நோயின் தொடக்க மாற்றங்கள் பெரும்பாலான குழந்தைகளில் தாமாகவே மறைபவை. அந்தப் புகழை மருந்து தட்டிச் சென்றிருந்தது. தாம் கண்ட வெற்றியைத் தாமே சோதித்து முறியடித்த இவ்வைத்தியர்களின் நேர்மை, கண்டுபிடிப்புகள் பலவற்றினும் பெரிது எனலாம்.

1953இல் அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் ஒன்றுகூடி, 1,500 கிராமுக்கு மேற்படாத எடையுடன் பிறந்த 786 குழந்தைகளைக் கொண்டு ஒட்சிசனை ஆராய்ந்தன. முடிவு 1954இல் வெளிவந்தது. வழக்கம் போல் ஒட்சிசன் பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேரிடத்தும், குறைவாகப் பெற்றவர்களில் நூற்றுக்கு 7 பேரிடத்தும் கண்ணிலே தழும்பு காணப்பட்டது. உலகெங்கும் ஒட்சிசன் மட்டுப்படுத்தப்பட்டது. நோயும் வீழ்ச்சியுற்றது. பற்ஸ் வென்றார், இரவிலே ஒட்சிசனைக் கூட்டிய தாதியர் தோற்றனர்.

ஆனால் அவர்கள் தோற்றார்களா? அந்த ஆய்விலே குழந்தைகள் பிறந்து 48 மணி நேரங் கழிந்த பின்னரே சேர்க்கப்பட்டனர். முதல் இரு நாட்களில் ஒட்சிசன் இன்றி இறக்கக்கூடியவர்கள் அக்கணக்கினுள் வரவேயில்லை. கட்டுப்பாடோ முதல் மணித்தியாலத்திலிருந்தே நடைமுறைக்கு வந்தது. 1973இல் ‘லான்செற்’ சஞ்சிகையிலே கே. டபிள்யூ. குறொஸ் என்பவர் ஒரு கணக்கை முன்வைத்தார்: பார்வையிழப்பினின்று காக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கலாம். மதிப்பீடுதான், எனினும் வாசிப்போர் நெஞ்சை உலுக்கும் மதிப்பீடு. வாஷிங்ரனின் தாதியர் கண்ணைப் பற்றித் தவறியிருந்தனர். உயிரைப் பற்றி அவர்கள் கொண்ட அச்சமோ வெறும் அறியாமையன்று.

இந்த இழுபறி இன்னும் முடியவில்லை. குருதியின் ஒட்சிசன் செறிவைத் தோலின் மேலிருந்தே அளக்கும் கருவி 1980களிற் பரவியது. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, 24 முதல் 27 வாரத்திற் பிறந்த குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு சாராரின் செறிவை 85க்கும் 89க்கும் இடையிலும், மறு சாராரினதை 91க்கும் 95க்கும் இடையிலும் வைக்க முயன்றது. குறைந்த செறிவிற் கடுங் கண்ணோய் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே கூட்டத்தில், வைத்தியசாலையை விட்டு வெளியேறுமுன் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். மற்றதில் 16 பேர். சில அலகுகளே வேறுபாடு. ஒரு பக்கம் கண், மறு பக்கம் உயிர்.

உயிரை முன்வைத்தால் கண்ணுக்கு ஆபத்து எஞ்சியே தீரும். ஆதலின் கண்ணை உரிய காலத்திற் பார்த்துவிடுவதே வழி. 1984இல் நோயின் படிநிலைகள் அனைத்துலக ரீதியில் வகுக்கப்பட்டன. விழித்திரையின் விளிம்பைக் கடுங் குளிரால் உறையச் செய்யும் சிகிச்சை தீய விளைவை ஏறத்தாழ பாதியாக்கும் என 1988இல் நிறுவப்பட்டது. பின்னர் லேசர் ஒளி அவ்விடத்தைப் பெற்றது. இப்பொழுது, கலன்களின் முளைப்பைத் தடுக்கும் மருந்தைக் கண்ணினுள் ஊசியால் ஏற்றுவதும் உண்டு. கருநாடகத்தின் கிராமப்புறங்களுக்கு 2008 முதல் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர் கமராவுடன் செல்கின்றனர். அவர்கள் எடுக்கும் விழித்திரைப் படத்தை நகரிலுள்ள வைத்தியர் பார்த்து முடிவு கூறுகின்றார். ஆபத்தான நிலை தென்பட்டதும் இரண்டு மூன்று நாட்களுள் சிகிச்சை நிகழ்தல் வேண்டும். தனக்குப் பார்வை இல்லையென்று கைக்குழந்தை முறையிடாது. கண்மணி வெளுத்ததைத் தாய் காணும்போது காலங் கடந்திருக்கும்.

1996இல் தமிழ்நாட்டிலே 29ஆம் வாரத்திற் பிறந்த பெண் குழந்தை ஒன்றின் எடை 1,250 கிராம். பெட்டியில் வைத்துப் பேணினர்; ஒட்சிசனும் அளித்தனர்; உயிர் தப்பியது. கண்களைச் சோதிக்கும்படி பெற்றோருக்கு எவரும் கூறவில்லை. பார்வை போயிற்று. வழக்கு 19 ஆண்டுகள் கழித்து, 2015 யூலையில், இந்திய உயர்நீதிமன்றுகளுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றிலே முடிவுற்றது. ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. கண்மணியை விரிக்கும் சில துளி மருந்து, ஒரு விளக்கு, ஒரு வில்லை, பார்க்கத் தெரிந்த ஒருவரின் சில நிமிடங்கள்: நான்காம் வாரத்தில் அக்குழந்தைக்குக் கிடையாமற் போனவை இவையே.