சுவருக்கும் மூச்சு முட்டும் பாஸ்!

மறைமலை நகர்ல கடைசி மாடி ரூம்ல மே மாசத்தை ஓட்டியிருக்கீங்களா? ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் அனல் காத்தைத்தான் கொட்டும். கான்க்ரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடிச்சுட்டு, நாம படுக்கிற நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும். சிவில் மூணாவது வருஷம் படிக்கிறேன், இதுக்கு ஃபார்முலாகூட எழுதுவேன். தூக்கம்தான் வராது!

அதனாலதானோ என்னவோ, நுங்கம்பாக்கம் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரிக்குக் கல்ச்சுரல்ஸ் பார்க்கப் போனப்போ, கூட வந்த வானரப் படை ஸ்டால் பக்கம் ஓட, நான் டவுட்டன் ஹவுஸ் முன்னாடி நின்னுட்டேன். நல்ல உயரமான தூண்கள். 1798 வாக்கில் கட்டின வீடு. டவுட்டன் என்ற ராணுவ அதிகாரி வாழ்ந்ததால் அந்தப் பெயர். 1875ல் பதவி பறிக்கப்பட்ட பரோடா மன்னர் மல்ஹர் ராவை மெட்ராஸுக்குக் கொண்டுவந்து வைத்திருந்ததும் இங்கேதான். அரண்மனைச் சிறை! 1915ல் 41 மாணவிகளோடு வேறொரு வாடகை வீட்டில் ஆரம்பித்த கல்லூரி, அடுத்த வருஷமே இங்கே குடிவந்துவிட்டது.

இங்கிலாந்தில் பெரிய ஜமீன் மாளிகைகள் பள்ளிக்கூடமாவது சகஜம். ஸ்டோவ் மாளிகை 1923ல் அப்படித்தான் ஆனது. நம்ம ஊர்ல அந்த மாளிகைகளுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள்தான் 'தோட்ட வீடுகள்'. கோட்டைக்குள்ளே இடம் போதாம, கம்பெனிக்காரங்க நுங்கம்பாக்கம், எழும்பூர், அடையாறுன்னு பரவிக் கட்டினது. டிசைன் அவங்க ஊருது. ஆனா அந்த ஊர்க் கல்லுக்கும் மார்பிளுக்கும் எங்கே போறது? செங்கல்லில் தூணை எழுப்பி, கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, தயிரெல்லாம் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்தேய்னு தேய்ச்சாங்க. மார்பிள் தோத்துப் போற பளபளப்பு! வெயிலுக்கு வராந்தாவும் சேர்ந்தாச்சு. சட்டை இங்கிலீஷ், வேட்டி நம்மளுது.

நான் மயங்கினது அந்தக் காலக் கூரையில். பேரே 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு உத்திரங்களுக்கு மேலே சின்னச் சின்ன செங்கல்லைப் படுக்க வைக்காம, குத்துக்கல்லா மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவை வெச்சு அடுக்குவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பெண்கள் வரிசையா உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சு, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவாங்க. கடைசியா தட்டோடு. கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. கீழே இருக்கிறவங்களுக்கு வேக்காடும் குறைவு.

சரி, இதையெல்லாம் கெடுக்கிறது எது தெரியுமா? நாம செய்ற ரிப்பேர்! சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சின ஈரத்தை வெளியே விட்டுடும். அது மேல 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்'னு சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். பிளாஸ்டிக் கவருக்குள்ள ஈரத்துணியைக் கட்டி வெச்ச கதைதான். உள்ளே செங்கல் மாவாகும். கொஞ்ச வருஷத்தில் 'பில்டிங் வீக், இடிச்சுடலாம்'னு ஒரு ரிப்போர்ட். அதில் கையெழுத்துப் போடப் போறது யாரு? என்னை மாதிரி ஒரு சிவில் இன்ஜினீயர்தான்.

அடையாறு ஆத்தங்கரையில் 1796ல் ஜேம்ஸ் பிராடி கட்டின பிராடி காஸில் தப்பிச்சது. அரசு இசைக் கல்லூரிக்கு வீடாச்சு. மெரினாவில் கேப்பர் ஹவுஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1914ல் ராணி மேரி கல்லூரி பிறந்ததே அந்த வீட்டில். 2003ல் கல்லூரி இருக்கிற இடத்தில் தலைமைச் செயலகம் கட்ட அரசு திட்டமிட்டப்போ, மாணவிகள் போராடி கல்லூரியையே மீட்டாங்க. ஆனா, அந்த வீடு பிற்பாடு போயிடுச்சு. இன்னைக்கு அங்கே நிக்கிறது புதுக் கட்டடம்.

எங்க செமஸ்டர்களில் கான்க்ரீட்டுக்குப் பேப்பர் பேப்பரா இருக்கு. சுண்ணாம்புக்கு மொத்தமே ஒரு மணி நேரம், அதிலும் பாதி அட்டெண்டன்ஸ். வீட்டில் வேற, 'ஐ.டி. கம்பெனி கேம்பஸ் வரும்போது ஒழுங்கா உட்காரு'ன்னு அம்மா. உட்காரத்தான் போறேன், லோன் இருக்கே! ஆனா, அதுக்கு முன்னாடி கை நனைச்சுப் பார்த்துடணும்னு தோணுச்சு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு வயசான கொத்தனார் தாத்தாவைத் தேடிப் பிடிச்சேன்.

"தளம் தட்ட இப்ப யாரும்மா வர்றா? பாட்டுப் பாடிக்கிட்டே தட்டினவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க"ன்னார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சனிக்கிழமை ஒரு கோயில் வேலைக்குச் சுண்ணாம்பு நீத்தப் போறேன். கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வா."

சனிக்கிழமை எனக்கு ஆப்டிட்யூட் கோச்சிங். கட் அடிக்கிறேன், ஹெச்.ஓ.டி-கிட்ட சொல்லிடாதீங்க!