பஞ்சுக்கு ஒரு கணக்கு, பாலுக்கு ஒரு கணக்கு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனா, "வெளிநாட்டுச் சரக்கு மேல இருக்கிற வரியை எடுத்துடலாமா?"ன்னு கேட்டுப் பாருங்க, ரெண்டு ஊரும் ரெண்டு பதில் சொல்லும். (ஓடிடாதீங்க மக்களே, கொஞ்சம் பொருளாதாரம், மிச்சம் பால்கோவா :-))

ராஜபாளையம் மில் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல ஆரம்பிச்ச மில்லு முன்னோடி. நூற்கிற பஞ்சுல பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவுல இருந்து வரணும். நீள இழைப் பஞ்சுன்னா எகிப்து, அமெரிக்கா. 2021 பட்ஜெட்ல இறக்குமதிப் பஞ்சுக்கு வரி போட்டாங்க, எல்லாம் சேர்த்து 11 சதவீதம். 2022-ல உள்ளூர் விலை எகிறி, ஒரு கண்டி (356 கிலோ) லட்ச ரூபாயைத் தாண்டிச்சு. அந்த வருஷம் ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரை வரி கிடையாது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்போ, மறுபடியும் டிசம்பர் 31 வரைக்கும் தள்ளுபடி. புதுப் பருத்தி சந்தைக்கு வர்ற மாசங்களும் அதுக்குள்ளயே அடக்கம். மில்லுக்காரருக்குச் சிரிப்பு, பருத்தி போட்டவருக்கு வயித்தெரிச்சல்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கதை வேற. 2019-ல பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அதே வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி பாங்காக்ல, ஆர்செப் ஒப்பந்தத்துல சேர மாட்டோம்னு இந்தியா விலகிச்சு. பெரிய காரணங்கள்ல ஒண்ணு பால். நியூசிலாந்துப் பால்பவுடர் சல்லிசா வந்து இறங்கினா, ஒண்ணு ரெண்டு மாடு வச்சிருக்கிற குடும்பம் என்ன பண்ணும்?

எங்க வீட்டுலயே இந்தச் சண்டை உண்டு. சித்தப்பா ராஜபாளையத்துல மில் வேலை. அவர் அக்கா, எங்க அத்தை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ரெண்டு மாடு வச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்துறாங்க. "வரி போட்டா எங்க மில்லு ஷிஃப்டைக் குறைக்கும்க்கா"ம்பார் இவர். "வரியை எடுத்தா என் மாட்டை நீ மேய்க்கிறியாடா?"ம்பாங்க அவங்க.

இந்த வம்பைத் தீர்க்க உலகத்துல ஒரு கணக்கு இயந்திரம் இருக்கு. அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துல தாமஸ் ஹெர்டெல் 1992-ல தொடங்கின ஜிடாப். எந்த நாடு எதை விளைவிக்குது, யாருக்கு விக்குது, எவ்வளவு வரி, எல்லாம் அதுக்குள்ள இருக்கும். வரியை பூஜ்யமாக்கினா விலை, உற்பத்தி, வருமானம் எப்படி மாறும்னு சமன்பாடுகளைத் தீர்த்துச் சொல்லும். உலக வங்கி தோஹா பேச்சுவார்த்தைக்கு இந்த வகை மாதிரியைத்தான் வச்சிருந்தது. 2003-ல, வர்த்தகத்தைத் திறந்துவிட்டா உலகத்துக்கு 500 பில்லியன் டாலருக்கு மேல லாபம்னாங்க. 2005-ல புது விவரங்களைப் போட்டு ஓட்டினா 287 பில்லியன். அதுல வளரும் நாடுகளுக்கு 86 மட்டும். மாதிரி பொய் சொல்லலை. உள்ளே போட்டதுக்குத் தக்கபடி வெளியே வருது, அவ்வளவுதான்.

உள்ளே என்ன போடுறாங்கன்னு பார்த்தாத்தான் எனக்குக் கடுப்பு. அடிப்படை ஜிடாப்ல ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு குடும்பம். அதாவது எங்க சித்தப்பாவும் அத்தையும் ஒரே ஆள்! இவருக்கு லாபம், அவங்களுக்கு நஷ்டம், கழிச்சுப் பார்த்தா 'நாட்டுக்கு நன்மை'. அப்புறம், மொத்த வேலைவாய்ப்பு மாறாது. பாலை விட்டவங்க வேற தொழிலுக்குப் போயிடுவாங்களாம். அறுபதைத் தொட்ட அத்தை நூல் நூற்கப் போவாங்களா? பொருளாதாரம் முழுக்கவே 65 துறைதான். பால்கோவா போனா டச்சுப் பாலாடைக்கட்டி இருக்கிற பெட்டிக்குள்ளதான் போகணும் :-(

வீடுவீடா கணக்கெடுப்பு விவரத்தைச் சேர்த்து ஓட்டுற மாதிரிகளும் உண்டு, ஹெர்டெலே வறுமை பத்தி அப்படிச் செஞ்சிருக்கார். அது இல்லாம வர்ற 'மொத்த லாபம்' எண்ணை வச்சு யாராவது ஒப்பந்தம் பேசினா நான் நம்ப மாட்டேன். அதே சமயம், பணக்கார நாட்டு மானியம் பஞ்சு விலையை அமுக்குதுன்னு பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நாலும் 2003-ல முறையிட்டப்போ, அவங்க கைக்கு வலு கொடுத்ததும் இப்படிப்பட்ட கணக்குகள்தான். தூக்கியெறியவும் மனசு வரலை.

போன பொங்கலுக்கு இதையெல்லாம் அத்தைகிட்ட விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அந்த மெசின்ல பருத்திக்கொட்டை என்ன விலைன்னு இருக்கா?"ன்னாங்க. மாட்டுக்குத் தீவனம் அதுதான். சித்தப்பா வாயைத் திறக்கலை.