ஆட்டுக்கு நூறு

2019 நவம்பர் 14ஆம் தேதி 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' வந்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 28ஆம் தேதி, எங்கள் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு புது மாவட்டங்களைத் தொடங்கி வைத்தார்கள். ஆம்பூர் திருப்பத்தூரோடு போயிற்று. இரண்டு செய்திகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் எங்கள் நண்பர்கள் குழுவில் அந்த மாதம் முழுக்க இரண்டையும் ஒரே மூச்சில்தான் பேசினோம். "நம்ம மேப்பையே மாத்திட்டானுங்கடா" என்று ஒருவன் எழுதினால் அவன் எதைச் சொல்கிறான் என்று கேட்க வேண்டியிருந்தது.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது சதுரங்கம் போல மாறி மாறிக் காய் நகர்த்துகிற ஆட்டம் இல்லை. நீங்கள் யோசித்துக் கொண்டிருக்கும்போதே எதிரியின் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று கிராமத்தான்களோடு தொடங்கி, ஆடு மேய்த்து, மரம் வெட்டி, தங்கமும் கல்லும் தோண்டி, கொல்லன் பட்டறையும் கோட்டையும் கட்டி, படை சேர்த்து எதிராளியை அழிக்க வேண்டும். அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் முதல் பாகத்தை 1997லும் இரண்டாம் பாகத்தை 1999லும் வெளியிட்டது. ஆம்பூரில் அது எங்களுக்குக் கிடைத்தது, மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய குறுந்தகடாக. பிரவுசிங் சென்டரில் நாலு கம்ப்யூட்டரை வயரால் இணைத்து, கரண்ட் போவதற்குள் ஒரு ராஜ்ஜியத்தையாவது முடித்துவிட வேண்டும் என்று ஆடுவோம். முதல் பாகத்தில் 'பெப்பரோனி பிஸ்ஸா' என்று தட்டினால் ஆயிரம் உணவு இலவசமாக வரும். பெப்பரோனி என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டு நால்வருக்கும் இன்றுவரை மனப்பாடம்.

என்செம்பிளை 2009இல் மூடிவிட்டார்கள். ஆட்டம் அதோடு செத்திருக்க வேண்டியது. அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற பெயரில் சிலர் சம்பளம் இல்லாமல் புது நாகரிகங்களைச் செய்து இணையத்தில் போட்டார்கள். 2013இல் ஹெச்.டி. பதிப்பு வந்த பிறகு மைக்ரோசாஃப்ட் அவர்களையே அழைத்து அதிகாரப்பூர்வமான பாகமாக வெளியிட வைத்தது. 2019 பதிப்பின் பெரும்பங்கு வேலையும் அவர்களுடையதுதான். அதனால்தானோ என்னவோ, இதில் கை வைக்கக் கூடாத இடங்களில் கை வைக்கவில்லை. படங்களைப் புதிதாக வரைந்தார்கள், இடிந்து விழும் கோட்டைக்குக் கல் கல்லாகச் சரியும் அழகைக் கொடுத்தார்கள், விளைந்து முடிந்த வயலில் தானாக மறுபடி விதைக்கும் வசதியைத் தந்தார்கள். கணக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். அதே சமயத்தில், 2020 ஜனவரியில், 'வார்கிராஃப்ட் 3'க்குப் புது உடை போட்டுக் கொண்டுவந்தபோது பழைய ஆட்டத்தையே அதற்குள் விழுங்கவிட்டு ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எங்களுடைய ஆட்டத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. ஒரு ஆட்டுக்கு 100 உணவு. 1999லும் 100, இன்றும் 100.

அந்த நூறைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் அப்பா 26 வருடம் டேனரியில் வேலை பார்த்தவர். 2020 ஊரடங்கில் டேனரி மூடிக் கிடந்தது. அப்பாவுக்கு வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. என் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பார். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது நாள் கேட்டார்:

"இன்னாடா இவன், ஆட்ட வெட்றான், கறிய மட்டும் எடுத்துனு போறான். தோலு எங்கடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து அறுப்பார்கள், நூறும் தீர்ந்தபின் தரையில் ஒரு எலும்புக்கூடு கிடந்து மங்கி மறையும். "உரிச்ச தோல சீக்கிரம் உப்புல போடணும், லேட் ஆச்சின்னா முடி கழண்டுக்கும், அப்புறம் அது எதுக்கும் ஆவாது" என்றார் அப்பா, திரையில் இருப்பவனுக்குச் சொல்வதுபோல.

அந்த ஆட்டத்தில் தோல் இல்லை என்று சொல்ல முடியாது. கோட்டைக் காலத்துக்கு வந்ததும் கொல்லன் பட்டறையில் வில்லாளிகளுக்குத் தோல் கவசம் வாங்கலாம். விலை 150 உணவு, 150 தங்கம். நேரம் 55 நொடி. முதல் பாகத்தில் தங்கம்கூடத் தேவையில்லை, உணவைக் கொடுத்தால் போதும். நான் இருபது வருடமாக அந்தப் பொத்தானை அழுத்தி வருகிறேன். எங்கள் ஊரில் பிறந்த எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை: சாப்பாட்டையும் தங்கத்தையும் ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் தோல் வருகிறது. நடுவில் ஆளே இல்லை. விறகு வெட்டுகிறவன், வேட்டைக்காரன், மீன் பிடிப்பவன், சுரங்கத்தில் தோண்டுகிறவன், வீடு கட்டுகிறவன் எல்லோருக்கும் தனித்தனி உடை உண்டு, கையில் தனித்தனிக் கருவி உண்டு. தோல் பதனிடுகிறவன் மட்டும் அந்தக் கிராமத்தில் கிடையாது.

அப்பாவுக்குத் தெரிந்த தோல் வேறு. உப்புத் தோலை ஊறப் போட வேண்டும். சுண்ணாம்பில் போட்டு மயிரைக் கழற்ற வேண்டும். ஒட்டியிருக்கும் சதையைச் சீவ வேண்டும். அவர் அப்பா காலத்தில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் கிடக்கும். கடுக்காய் சேர்த்து எடுத்தால் பழுப்பு நிறம். பிறகு குரோம் வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மர டிரம்மில் சுற்றி, ஈரமாக நீலமாக வெளியே வரும், அதுதான் 'வெட் ப்ளூ'. அப்புறமும் சீவல், சாயம், எண்ணெய், இழுத்துக் காயவைத்தல் என்று எத்தனையோ இருக்கிறது. இந்த வேலையின் வாசனைக்காகவே எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அப்பா பக்கத்தில் உட்காராத சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் காலில் போட்டு வந்ததும் ஆம்பூர் செருப்புதான். வேலை போன வழியில் பாலாறும் போனது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லி, கழிவுநீரைச் சுத்திகரிக்காத டேனரிகளை மூடச் சொன்னது. அந்த வருடம் எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க அதுதான். ஆற்றில் தண்ணீர் வேண்டும், வீட்டில் சம்பளமும் வேண்டும். அம்மா ஒரு பக்கம் பேசுவாள், அப்பா பேசவே மாட்டார்.

2022 ஏப்ரல் 28 அன்று 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தது. அதுவரை இந்தியர் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து, வங்காளிகள், கூர்ஜரர்கள், இந்துஸ்தானிகள், திராவிடர்கள் என்று பிரித்தார்கள். திராவிடர் படை தமிழ் பேசியது. கிராமத்தானைத் தொட்டதும் தமிழில் பதில் வந்த அந்த முதல் ராத்திரி நான் வேலையே செய்ய விடாமல் அவனைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். அப்பா உள்ளேயிருந்து வந்து, "நம்ம பாஷையா பேசுறான்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

அதில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பு முழுசாக உண்டு. கேரளத்து உருமியும் தென்னாட்டு உருக்கும் சோழர் கப்பலும் ஒரே கொடியின் கீழ் வருவதைப் பார்த்து முணுமுணுத்தவர்கள் இருக்கிறார்கள். நியாயம்தான், ஆனால் ஃபிராங்க், டியூட்டன் என்று ஐரோப்பாவையும் இப்படித்தான் கலந்து கட்டியிருக்கிறார்கள். எனக்கு யானை வில்லாளிகள் மேல்தான் ஆசை. 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்ட தக்கோலம், 2019 வரை எங்கள் மாவட்டம்.

வேலூர்க் கோட்டைக்கும் தோலுக்கும் உள்ள கணக்கு இன்னும் கசப்பானது. 1806இல் சிப்பாய்களுக்குக் கொடுத்த புதுத் தலைப்பாகையில் விலங்குத் தோலால் ஆன சின்னம் இருந்தது. அது எந்த மிருகத்தின் தோல் என்ற சந்தேகமும் ஜூலை 10 விடிவதற்கு முன் நடந்த எழுச்சிக்கு ஒரு காரணம். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினான். சில நூறு சிப்பாய்கள் செத்தார்கள். தோல் எங்கிருந்து வருகிறது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

இப்போது வியாழன் இரவுகளில் ஆடுகிறோம். எங்களில் ஒருவன் ரியாத்தில் இருக்கிறான், அவனுக்கு வெள்ளி விடுமுறை. அவன் தாத்தா ஆம்பூரில் ஆவாரம்பட்டை வியாபாரம் செய்தவர். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், ஆட்டத்தில் திராவிடர். போன வாரம் எதிரியின் குதிரைகள் வந்துகொண்டிருக்கும்போது அவன் கத்தினான்: "மச்சான், லெதர் போட்டியா இல்லியா? சீக்கிரம் போடுடா!"

ஸ்பீக்கரில் கேட்ட அப்பா பக்கத்து அறையிலிருந்து, "இன்னும் ஊறவே இல்லன்னு சொல்லு" என்றார். ரியாத்தில் அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு 55 நொடியும் போயிற்று. அன்றைக்குத் தோற்றோம்.