கடலுக்குப் போற தண்ணி

2018 ஆகஸ்ட்ல மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்துல ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போச்சு. எங்க ஊர் டீக்கடையில அன்னைக்கு ஒரே பேச்சுதான். "இவ்ளோ தண்ணியும் வீணா கடலுக்குப் போகுதே!" அதிகமாப் புலம்பினது நான்தான். 2016-ல சம்பா கருகி நின்னதைப் பார்த்த கண்ணு. கடைமடைக்காரனுக்கு வயிறு எரியாம இருக்குமா?

வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னேன். மகள் மீன்வளம் படிக்கிறாள். "வீணாப் போகுதுன்னு யாருப்பா சொன்னது?" என்று கேட்டுவிட்டு, லேப்டாப்பில் ஒரு மீனைக் காட்டினாள். எனக்கு மீனாகவே தெரியவில்லை. தண்ணியில விழுந்த விளக்குமாத்துக் குச்சி மாதிரி இருந்தது.

குழல் மீனாம். கடல் குதிரைக்குச் சொந்தம். ஒரு சாண் நீளம்கூட வராது. பல் கிடையாது, இரைப்பையும் கிடையாது. குழாய் மாதிரி வாயால, மிதந்து வர்ற பொடிப்பொடி உயிர்களை உறிஞ்சித் தின்னும். முட்டையைச் சுமக்கிறது ஆண்தான். வாலுக்கு அடியில அதுக்கு ஒரு பை இருக்கு. வேகமா நீந்தத் தெரியாது. கடற்புல்லுக்கு நடுவுல புல்லோட புல்லா நின்னு பிழைச்சுக்கும்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்துல, காரிகா, புஷ்மன்ஸ் ஆறுகளும் அக்கம்பக்கத்துச் சின்ன ஆறுகள் சிலதும் கடலில் சேரும் கழிமுகங்கள்தான் இதுக்கு வீடு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1963-ல இதுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஜே.எல்.பி. ஸ்மித்; சீலகாந்த் மீனை உலகத்துக்குச் சொன்ன அதே மனுஷர். 1994-ல இந்தக் குழல் மீன் அழிஞ்சே போச்சுன்னு பட்டியலில் எழுதிவிட்டார்கள். 1996-ல கிழக்கு க்ளைன்மாண்ட் என்ற சின்னக் கழிமுகத்துல மறுபடி கண்ணில் பட்டது. இன்னைக்கும் அதன் உயிர் ஊசலாட்டத்தில்தான் இருக்கிறது.

"யாராவது பிடிச்சுத் தின்னுட்டாங்களா?" என்று கேட்டேன். 

"இதுல திங்க என்னப்பா இருக்கு? ஆத்துத் தண்ணி நின்னு போச்சு, அவ்வளவுதான்."

மேலே அணை கட்டி, ஊருக்கும் வயலுக்கும் தண்ணியை எடுத்தாச்சு. கழிமுகத்துல கடல் தண்ணி மட்டும் மிச்சம். மழை இல்லாத காலத்துல காரிகாவின் மேல்பகுதியில கடலைவிட உப்பு ஏறிடுமாம். அதைவிடப் பெரிய அடி வேறொண்ணு. புதுவெள்ளம் வந்தால்தான் கூடவே சத்து வரும். அதைத் தின்னு கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், பாசியைத் தின்னு பொடி உயிர்கள் பெருகும், அதைத் தின்னுதான் குழல் மீன் வாழணும். வெள்ளம் நின்னா சாப்பாடு நின்னுது.

இது எனக்கு உடனே பிடிபட்டது. ஆடிப்பெருக்குத் தண்ணியில வர்ற வண்டல் வயலுக்கு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா? நான் வயலுக்குக் கேட்கிற அதே வண்டலைத்தான் கழிமுகமும் கேட்குது. நான் மனு எழுதுவேன், மறியல் பண்ணுவேன். குச்சி மாதிரி ஒரு மீன் என்ன பண்ணும்?

எங்க பக்கமும் ஆத்துல தண்ணி வராத வருஷம் கடல் தண்ணி உள்ளே ஏறுது. என் போர்த்தண்ணியே கரிக்குது. நாங்க பூமிக்கு அடியில உறிஞ்சினதும் ஒரு காரணம்தான், மறுக்கலை. ஆறு கடலைத் தள்ளிப் பிடிக்கலைன்னா கடல் நம்ம வாசலுக்கு வந்துடும்.

கதவணை கேட்டு மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான். இப்பவும் வேணும்னுதான் சொல்வேன். ஆனா அடியோட அடைச்சிடக் கூடாது. கடலுக்கும் ஒரு முறை வைக்கணும். எங்களுக்கும் கீழே ஒரு கடைமடை இருக்குன்னு இத்தனை வருஷம் எனக்குத் தோணவே இல்லை.