ஐயாயிரம் ரூபாய் ரசீது

வீட்டுப் பத்திரத்தைத் தேடப்போய் அந்த ரசீதைக் கண்டெடுத்தேன். அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், பழைய ரேஷன் கார்டும் அப்பாவின் பி.எஃப். கடிதங்களும் இருந்த மஞ்சள் பையில் கிடந்தது. ஆலந்தூர் நகராட்சி. பாதாளச் சாக்கடைத் திட்டம். வைப்புத்தொகை ரூ. 5,000. தேதியில் நாளும் மாதமும் மங்கிப்போய் 1999 மட்டும் தெரிந்தது. பின்பக்கம் அப்பாவின் பென்சில் கோடுகள்: ஒரு சதுரம், அதிலிருந்து நீளும் இரட்டைக் கோடு, ஓரத்தில் "10 அடிக்கு 2 இன்ச்" என்று ஒரு குறிப்பு.

"இது என்னம்மா?"

"கக்கூஸ் குழாய்க்குக் கட்டின பணம்டா. உங்கப்பா ஒரு வாரம் தூங்கல."

அப்பா அப்போது கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அது பெரிய தொகை. எதையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த பிறகே காசை எடுக்கும் மனிதர் அவர். தெருவில் ஒரு குழி கூட வெட்டப்படாத காலத்தில், வரப்போகிற ஒரு குழாயை நம்பி ஐயாயிரத்தை எப்படிக் கொடுத்தார்? அந்தக் கேள்விதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் வீடு ஆதம்பாக்கத்தில், அரை கிரவுண்டில். முன்பக்கம் கிணறு, பின்பக்கம் செப்டிக் டேங்க். நடுவில் நாங்கள். அந்த இரண்டுக்கும் இருந்த தூரத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு பிசைகிறது. அப்போது யாரும் நினைக்கவில்லை; தெரு முழுக்க அப்படித்தான். டேங்க் நிறைந்து நாற்றம் வந்தால் லாரிக்குச் சொல்லிவிட வேண்டும். லாரி வரும், ஹோஸ் உள்ளே போகும், மோட்டார் உறுமும், அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் சாத்தப்படும். உறிஞ்சியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். மழைக்காலத்தில் லாரியும் பயன்படாது. நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது டேங்கைக் காலி செய்த மறுநாளே அது நிரம்பிவிடும்.

நான் முதலில் தேடியது தப்பான இடத்தில். சென்னையில் சாக்கடை என்றால் வெள்ளைக்காரன் போட்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெட்ரோ வாட்டர் என்று நினைத்துக்கொண்டு, 1914-இல் திறக்கப்பட்ட கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வரை படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சுவாரசியமான கதைகள்தான். எதுவும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. வராததற்குக் காரணம் ஓர் எல்லைக்கோடு. 1978-இல் குடிநீரையும் கழிவுநீரையும் சென்னை மாநகராட்சியிடமிருந்து பிரித்து, மெட்ரோ வாட்டர் என்ற தனி வாரியத்தை அமைத்து அதனிடம் கொடுத்தார்கள். அந்த வாரியத்தின் சாக்கடைக் குழாய்கள் மாநகராட்சி எல்லையோடு நின்றன. கிண்டியைத் தாண்டினால் ஆலந்தூர், தனி நகராட்சி. கத்திப்பாராவில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே சென்னைதான். வரைபடத்தில் ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் பாதாளச் சாக்கடை, இந்தப் பக்கம் செப்டிக் டேங்க். அப்பா தினமும் சைக்கிளில் அந்தக் கோட்டைக் கடந்துதான் வேலைக்குப் போனார்.

தேடலின் நடுவே கண்ணில் பட்ட ஒரு பழைய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கப்பட்டபோது ஊராரிடம் வரி வசூலித்து ஊருக்கு வேண்டியதைச் செய்யும் அதிகாரம் அதற்குத் தரப்பட்டது. ஊரார் கொடுக்க முன்வரவில்லை. கட்டுவதாகச் சொன்ன கட்டடங்கள் காகிதத்திலேயே தங்கின. கிழக்கிந்தியக் கும்பினி கேட்டும் கொடுக்காத ஊர் இது என்று படித்துவிட்டு ரசீதைப் பார்த்தால், அந்த 5,000 இன்னும் விநோதமாகத் தெரிந்தது.

கதை உண்மையில் தொடங்குவது 1990-களில். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளின் பொறுப்புகள் என்று ஒரு பட்டியல் போட்டது. குடிநீர் வழங்கலும் பொதுச் சுகாதாரமும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சென்னையில் மு.க. ஸ்டாலின் மேயரானார், ஆலந்தூரில் ஆர்.எஸ். பாரதி நகர்மன்றத் தலைவரானார். அதே ஆண்டில்தான் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் என்ற ஏற்பாடும் உருவானது. மாநில அரசும் சில நிதி நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் நிதியம், பின்னால் உலக வங்கியின் கடன். நகராட்சிகள் மானியத்துக்குக் காத்திருக்காமல் கடன் வாங்கித் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அதன் எண்ணம். அதுவரை ஒரு நகராட்சி செய்யக்கூடியதெல்லாம் மேலே மனு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான். மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்தது ஆலந்தூரின் அதிர்ஷ்டம்.

ஆனால் கடன் கொடுப்பவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எப்படித் திருப்பிக் கட்டுவாய்? வீட்டுவரியை நம்பிக் கோடிகளை வாங்க முடியாது. அதனால் முதலில் மக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட எல்லோருமே சாக்கடை வேண்டும் என்றார்கள். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வேண்டுமா என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? முன்பணம் தருவீர்களா என்பதுதான் கேள்வி. வீடுகளுக்கு 5,000, கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் 10,000. இணைப்பு வந்த பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் வரை கட்டணம்.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல நங்கநல்லூரில் ஒரு மாமா கிடைத்தார். குடியிருப்போர் நலச் சங்கத்தில் அப்போது பொருளாளர், இப்போது எண்பதைத் தாண்டியவர். காபி ஆறும்வரை காத்திருந்து பேச ஆரம்பித்தார்.

"கூட்டம் போட்டா முதல் கேள்வி என்ன தெரியுமோ? சாக்கடை எப்ப வரும்னு இல்லை. காசை எந்த அக்கவுண்ட்ல போடுவேள்னுதான். தனிக் கணக்குன்னு சொன்னப்புறம்தான் காசை எடுத்தா. நான் ஸ்டேட் கவர்ன்மென்ட்ல முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவன். பொதுக் கணக்குல போட்டா சம்பளத்துக்குப் போயிடும், ரோட்டுக்குப் போயிடும். தப்புன்னு சொல்லலை. பணத்துக்கு அதுதான் வாட்டம்."

வாட்டம். அந்தச் சொல்லைக் கொத்தனார்கள் வாயில்தான் கேட்டிருக்கிறேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டுமோ அந்தப் பக்கம் தரையைச் சரித்து வைப்பது.

மாமா சொன்னதன் மதிப்பு கணக்கைப் பார்த்தபோது புரிந்தது. திட்டச் செலவு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். பெரும்பகுதி கடன், கொஞ்சம் மானியம், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மக்கள் கட்டிய வைப்புத்தொகை. அந்தக் கால் பங்கு வந்ததால்தான் மீதிக்குக் கடன் கொடுக்க ஆட்களுக்குத் தைரியம் வந்தது. 2000-இல் வேலை தொடங்கியது. 2001-இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. நம் ஊரில் ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் கல்வெட்டுகளுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆலந்தூரில் குழி தோண்டுவது நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளின் பீரோவில் ரசீது இருக்கும்போது நிறுத்துவது எளிதல்ல என்பது என் ஊகம். எல்லாக் கட்சிக்காரர் வீட்டிலும் அந்த ரசீது இருந்திருக்குமே.

ஆலந்தூரைப் பற்றி உலகம் முழுக்கக் கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிப்பது ஓர் அனுபவம். நம் தெருச் சாக்கடையை வெளிநாட்டுக்காரர்கள் வரைபடம் போட்டு விளக்கியிருப்பார்கள். பெரும்பாலானவற்றின் தலைப்பில் 'தனியார் பங்களிப்பு' என்ற சொல் இருக்கும். ஐ.வி.ஆர்.சி.எல்., வா டெக் வபாக் என்ற இரண்டு நிறுவனங்கள் கூட்டாக வேலையை எடுத்தன, உண்மைதான். ஆனால் அவர்கள் சொந்தக் காசைப் போட்டுக் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு ஒப்படைக்கும் ஏற்பாடு பெருங்குடியில் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு மட்டும்தான். தெருத் தெருவாக மண்ணைக் கிளறிப் போட்ட குழாய்களெல்லாம் அளந்து பணம் கொடுக்கும் வழக்கமான ஒப்பந்தம், பணம் நகராட்சியுடையது. தனியார் பங்களிப்பு என்றால் முதலில் பங்களித்த தனியார் ஒரு லேத் ஆபரேட்டர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்தக் கட்டுரைகளில் என் மனதை உறுத்திய இன்னொன்று: எனக்குக் கிடைத்தவற்றில் அந்த லாரியின் ஹோஸைப் பிடித்தவர்கள் இல்லை. லாரிக்கு முந்தைய காலத்தில் டேங்குக்குள் இறங்கியவர்களும் இல்லை. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்கக் கூடாது என்பதைச் சட்டமாக்க 2013 ஆனது. பாதாளச் சாக்கடை வந்தால் அவர்களுக்கு விடுதலை என்று நானும் நினைத்திருந்தேன். குழாய் அடைத்துக்கொண்டால் இயந்திரத்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆளை இறக்குகிற செய்தி, தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஊரிலிருந்து, இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பெருங்குடிக்கு ஒரு நாள் போனேன். எங்கள் வீட்டுக் கழிவு தெருக்குழாயில் சரிவில் இறங்கி, உந்து நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மோட்டாரால் தள்ளப்பட்டு இங்கே வருகிறது. முதல் கட்டமாக நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் அளவுக்குக் கட்டினார்கள். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமில்லை: மதில், தொட்டிகள், அதே பழைய நாற்றம் கொஞ்சம் மட்டாக. பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. நாரைகள் நின்றுகொண்டிருந்தன. ஊரின் பள்ளம் அதுதான். லாரியில் போனாலும் குழாயில் போனாலும் தண்ணீர் கடைசியில் தேடிப்போகும் பக்கம். நடுவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் நிற்கிறது என்பதே வித்தியாசம். சின்ன வித்தியாசம் இல்லை.

ரசீதைக் கொடுத்த நகராட்சி இப்போது இல்லை. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து மண்டலம் 12 ஆனது. கத்திப்பாராக் கோடு அழிந்தது. மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. எங்கள் தெருவில் புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களிடம் இங்கே செப்டிக் டேங்க் லாரி வந்துகொண்டிருந்தது என்றால் நம்ப மாட்டார்கள்.

மிச்சம் இருந்தது பென்சில் படம். வீட்டு இணைப்பு கொடுத்த மேஸ்திரி இன்னும் ஆதம்பாக்கத்திலேயே இருக்கிறார். ரசீதைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"ஒங்கப்பாரு மில்லிமீட்டர் ஆளு தம்பி. பத்தடிக்கு ரெண்டு இஞ்சுன்னு அவரே கணக்குப் போட்டு வச்சிருந்தாரு. நான் டியூப்ல தண்ணி புடிச்சு மட்டம் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. ஆனா இந்தப் படத்துல இருக்கற மாதிரி நாங்க போடல."

அவரோடு வீட்டுக்கு வந்து சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். படத்தில் குழாய் கிழக்குச் சுவரை ஒட்டி நேராகத் தெருவுக்குப் போகிறது. அதுதான் குறுக்கு வழி, செலவும் குறைவு. உண்மையில் குழாய் மேற்கே வளைந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. இருபது அடியாவது அதிகம், ஒரு சேம்பரும் கூடுதல். கணக்குப் பார்க்கும் அப்பா ஏன் இதற்கு ஒத்துக்கொண்டார் என்று மேஸ்திரிக்கு நினைவில்லை.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிழக்கால கிணறு இருக்குல்ல. அந்தப் பக்கம் குழாய் போச்சுன்னா நான் அதுல தண்ணி எடுக்க மாட்டேன்னுட்டேன். ரெண்டு நாள் பேசாம இருந்தாரு. அப்புறம் போய் எக்ஸ்ட்ரா பைப் வாங்கிட்டு வந்தாரு."

மேஸ்திரி மூடியைத் திரும்பப் பொருத்தி, சந்துகளில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். அம்மா கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, அவர் கைகழுவ ஊற்றினாள்.