கப்பலில் அண்டை வீட்டார்

சிங்கப்பூர் மரீனா பே கப்பல் முனையத்தில் அன்று பிற்பகல் நாங்கள் அறுவர் வரிசையில் நின்றிருந்தோம். நானும் என் துணைவியாரும், சிங்கப்பூரில் பணிபுரியும் எங்கள் மகனும், மருமகளும், பேரப்பிள்ளைகள் இருவரும். பினாங்கு வரை சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணம். "வாப்பா, உங்கள் வாப்பா போன கடல் வழியில்தான் நாமும் போகிறோம். ஆனால், பாய் சுருட்டிக்கொண்டு வரவேண்டிய தேவையில்லை" என்று மகன் சிரித்தான்.

என் தந்தையார் 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு சென்றவர். 1926இல் கட்டப்பெற்று, 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் போய்வந்துகொண்டிருந்த கப்பல் அது. அறை எடுத்துச் செல்லும் வசதி சிலருக்கே வாய்த்தது. தளத்தில் பாய் விரித்துச் சென்றவர்களே மிகப் பலர். தம் பாய்க்கும் அடுத்தவர் பாய்க்கும் இடையே ஒரு தகரப்பெட்டிதான் எல்லை என்பார் தந்தையார். பக்கத்துப் பாயில் ஒரு கைக்குழந்தை இரவெல்லாம் அழுததாம். முதல்நாள் எரிச்சல் கொண்டவர், மறுநாள் அக்குழந்தையைத் தம் தோளில் போட்டுக்கொண்டு தளத்தில் உலவினாராம். குழந்தையின் தகப்பனாரோடு நெடுநாள் வரை அவருக்குக் கடிதப் போக்குவரத்து இருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்தவை அடுத்தடுத்த இரண்டு அறைகள். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைக்கதவு; அதைத் திறந்துவிட்டால் ஒரே வீடு போலாகிவிடும். பேரப்பிள்ளைகளுக்கு அக்கதவே பெரிய விளையாட்டுப் பொருளாயிற்று. அறை சிறிதெனினும் குறையில்லை. கட்டில், மேசை, ஆடை அலமாரி, குளியலறை எல்லாம் அடக்கமாக அமைந்திருந்தன. சுவரைத் தட்டிப் பார்த்த பேரன், "இது இரும்பு!" என்று கண்டுபிடித்துச் சொன்னான். காந்தக் கொக்கிகளைச் சுவரில் ஒட்டித் தொப்பிகளை மாட்டிக்கொள்ளலாம் என்று மருமகள் முன்பே தெரிந்து வாங்கி வந்திருந்தாள். எங்கள் அறையின் ஒரு புறம் மகன் குடும்பம். மறுபுறம் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவுமில்லை, நினைக்கவுமில்லை.

இரவு பதினொரு மணிக்கு அதற்கான விடை கிடைத்தது. பித்தளைத் தாம்பாளத்தில் கூழாங்கற்களைக் கொட்டிக் கையால் அளைவது போன்ற ஓசை. சற்று நேரம் அமைதி. பிறகு 'டக், டக்' என்று ஒவ்வொன்றாய்த் தட்டும் ஒலி. இடையிடையே பெண்களின் சிரிப்பு. மறுபடியும் கூழாங்கல். "பல்லாங்குழி ஆடுகிறார்களோ?" என்றார் துணைவியார். நள்ளிரவு கடந்தும் அது ஓயவில்லை. அவர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்பவர். ஓரிரவு உறக்கம் கெட்டால் மறுநாள் தலைசுற்றல் வந்துவிடும். அவர் கண்மூடியபடியே உறங்காமல் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சினம் மூண்டது. எழுந்து சுவரில் கைமுட்டியால் மூன்று முறை ஓங்கிக் குத்தினேன். ஓசை நின்றது. பத்து நிமிடம் சென்றதும் மீண்டும் தொடங்கிற்று.

ஒரு மணி அளவில் தொலைபேசியை எடுத்து வரவேற்பகத்தில் முறையிட்டேன். வேறு அறை உண்டா என்றும் கேட்டேன். கப்பல் நிறைந்துவிட்டது என்றும், ஆள் அனுப்புவதாகவும் பணிவுடன் கூறினார்கள். சற்றுநேரத்தில் நடைவழியில் காலடி ஓசையும், பக்கத்துக் கதவு தட்டப்படுவதும், தாழ்ந்த குரலில் பேச்சும் கேட்டன. அதன்பின் ஒரு சத்தமுமில்லை. நான் வென்றுவிட்டவன் போல் உறங்கினேன்.

காலை ஐந்தரைக்குத் தொழுகைக்காக எழுந்தோம். உளுச் செய்ய நானும், பின் துணைவியாரும், பிறகு மகனும் மருமகளும். அலமாரி திறந்தது, இழுப்பறை மூடியது. பிள்ளைகளும் விழித்துக்கொண்டு, சூரியன் உதிப்பதைப் பார்க்கவேண்டும் என்று மேல்தளத்துக்கு ஓடினார்கள். ஒன்றை மறந்து திரும்பி வந்தார்கள். மறுபடி ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் அறைக்கதவு 'படார்' என்று தானே சாத்திக்கொண்டது. கப்பலறைக் கதவுகள் அப்படித்தான் அமைக்கப்படுகின்றன. தீ விபத்து நேர்ந்தால் புகையும் நெருப்பும் நடைவழிக்குப் பரவாதிருக்க, அவை தாமாக மூடிக்கொள்ளவேண்டும் என்பது சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதி. பாதுகாப்புக்கு நல்லது. பக்கத்து அறையில் உறங்குபவருக்கு எப்படி இருக்கும் என்பதை அவ்வேளையில் நாங்கள் எவரும் எண்ணவில்லை.

பிற்பகலில் கப்பல் பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையை அடைந்தது. கரையிறங்கப் புறப்பட்டு நாங்கள் கதவைத் திறந்த அதே நேரத்தில் பக்கத்துக் கதவும் திறந்தது. நான் எதிர்பார்த்தது ஆட்டம்போடும் இளைஞர் கூட்டத்தை. வெளியே வந்ததோ ஒரு சக்கர நாற்காலி. அதில் மெலிந்த சீன முதியவர் ஒருவர். எண்பத்தைந்து வயதுக்குக் குறையாது. நாற்காலியைத் தள்ளி வந்த ஐம்பது வயதுப் பெண்மணி எங்களைக் கண்டதும் தலைதாழ்த்தி ஆங்கிலத்தில், "அங்கிள், நேற்றிரவு உங்களைத் தூங்கவிடாமல் செய்துவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

மின்தூக்கிக்கு முன் பெரிய வரிசை. நிற்கும் நேரத்தில் அவர் சொல்லித் தெரிந்துகொண்டோம். முதியவர் அவருடைய தந்தையார். பினாங்கில் பிறந்து இளமையில் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தவர். நினைவு மங்கிவருகிறது, மகள்களின் பெயர்களையே மாற்றிச் சொல்கிறார். பிறந்த ஊரை இன்னொரு முறை காட்டிவிட வேண்டும் என்று மகள்கள் மூவரும் அழைத்து வந்திருக்கிறார்கள். இரவில் அவருக்கு உறக்கம் பிடிக்காது. எழுந்து வெளியே நடக்க முயல்வார். மாஜோங் காய்களைக் கையில் கொடுத்தால் மட்டும் அமைதியாக அமர்ந்து ஆடுவார். அந்தக் காய்கள் மட்டும் அவருக்கு மறக்கவில்லை. நாங்கள் கேட்ட கூழாங்கல் ஓசை அதுதான்.

"சீருடையில் ஆள் வந்ததும் அப்பா பயந்துவிட்டார். ஏதோ குற்றம் செய்துவிட்டதாக எண்ணி, விடியும்வரை படுக்காமல் உட்கார்ந்திருந்தார்" என்றார் அப்பெண்மணி. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவே.

என் துணைவியார் மெல்லக் கேட்டார்: "விடிந்த பிறகாவது தூங்கினாரா?"

அவர் தயங்கினார். பிறகு, "ஐந்து மணிக்குத்தான் கண்ணயர்ந்தார். அப்புறம்... கதவுச் சத்தம்" என்று நிறுத்திக்கொண்டார். எங்கள் பேரன் என் பின்னால் ஒளிந்துகொண்டான். எனக்கும் ஒளிய ஓர் இடம் இருந்தால் நலமென்றே தோன்றிற்று.

பினாங்கில் எங்களுக்கு வாய்த்தது சில மணி நேரமே. துறையிலிருந்து நடந்தே சென்று, 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் அஸர் தொழுதோம். சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரால் நிற்கும் சிறு கட்டடத்தையும் கண்டோம். ஜார்ஜ் டவுனின் பழைய நகரப் பகுதி 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. தந்தையார் கால்பதித்த தெருக்கள். எல்லாவற்றையும் நிதானமாக எழுத வேறொரு வாய்ப்பு வேண்டும். அன்று என் மனம் இடங்களில் நிலைகொள்ளவில்லை.

"அருள்மறையின் நான்காம் அத்தியாயத்தில் அண்டை வீட்டாரைச் சொன்ன கையோடு, பக்கத்தில் இருக்கும் தோழரையும் சொல்லியிருக்கிறதே, அது பயணத்தில் உடன் வருபவரைக் குறிக்கும் என்றுதானே ஹஜ்ரத் பயானில் சொன்னார்கள்?" என்று கேட்டார் துணைவியார். விரிவுரையாளர்கள் பலர் அவ்வாறு பொருள் கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? சுவரைக் குத்திய கைக்கு அது தெரியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, கப்பலறைச் சுவர் ஏன் இப்படி இருக்கிறது என்று தேடிப் படித்தேன். இக்காலப் பயணிகள் கப்பல்களில் அறைகள் பெரும்பாலும் தொழிற்கூடத்திலேயே முழுமையாகச் செய்யப்பட்டு, பெட்டிகளைப் போல் கப்பலுக்குள் செருகப்படுகின்றன. சுவர் என்பது இரு மெல்லிய உலோகத் தகடுகளும் இடையே தீப்பற்றாத கனிமப் பஞ்சும்தான். கப்பலின் எடை கூடக்கூடாது, நெருப்பும் பரவக்கூடாது. இவ்விரண்டுக்கும் பிறகே காதுக்கு இடம்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல்களின் இரைச்சலுக்கென ஒரு விதித்தொகுப்பை 2012இல் ஏற்று, 2014 ஜூலை முதல் புதிய கப்பல்களுக்குக் கட்டாயமாக்கியது. 10,000 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பலின் உறங்கும் அறையில் இரைச்சல் 55 டெசிபலைத் தாண்டலாகாது. அறைக்கும் அறைக்கும் இடையிலான சுவரின் ஒலித்தடுப்புக் குறியீடு 35 இருக்கவேண்டும். இடைக்கதவு உள்ள சுவராயின் 30 போதும். நடைவழிக்கும் அறைக்கும் இடையிலும் 30தான். இருவர் இயல்பாகப் பேசுவதே ஏறத்தாழ 60 டெசிபல் என்றால், இடைக்கதவு வழியே எவ்வளவு கசியும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், இவ்விதித்தொகுப்பு கப்பல் ஊழியர்களின் அறைகளுக்கானது. பயணிகளின் அறைகளை அது கட்டுப்படுத்துவதில்லை! உழைப்பவரின் உறக்கம் காக்கப்படுவது நியாயமே. காசு கொடுத்தவரின் உறக்கம் கப்பல் கட்டுவோரின் பெருந்தன்மையைப் பொறுத்தது.

மேலும், அந்தக் குறியீடு காற்றில் வரும் ஒலிக்கு மட்டுமே பொருந்தும். மேசை சுவரோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அதன்மேல் தட்டும் காய் சுவரையே தட்டுகிறது. பேச்சு மங்கலாய்க் கேட்க, காய் மட்டும் தலைமாட்டில் விழுவதுபோல் கேட்டதன் காரணம் இப்போது விளங்கிற்று. கதவு அறைவதும் இவ்வாறே இரும்பின் வழியே ஓடுகிறது.

இவ்வகைப் பயணம் செல்ல எண்ணும் வாசகர்கள், பதிவு செய்யுமுன் கப்பலின் தள வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நன்று. மேலும் கீழும் அறைகளே உள்ள தளம் சிறந்தது. நீச்சல் குளத்துக்கு நேர்கீழே அறை எடுத்தால், விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் ஓசை கூரையில் கேட்கும். அரங்கத்துக்கு மேலே எடுத்தால் நள்ளிரவு வரை மேளம். மின்தூக்கியின் அருகே ஓயாத பேச்சு. இடைக்கதவுள்ள அறைகளை வரைபடத்தில் ஒரு சிறு குறியால் காட்டியிருப்பார்கள். குடும்பமாகச் செல்வோருக்கு அது வரம். அந்நியர் அடுத்திருந்தால் தொல்லை. காதடைப்பான் ஒரு சோடி எடுத்துச் செல்லுங்கள்.

இரைச்சல் எல்லை மீறினால் வரவேற்பகத்தில் சொல்வதே முறை. நாமே போய்க் கதவைத் தட்டிச் சண்டையிடலாகாது. நான் முறையிட்டது தவறென்று இன்றும் நினைக்கவில்லை. துணைவியாரின் உடல்நிலைக்கு அது தேவையாயிருந்தது. சுவரைக் குத்தியதுதான் தவறு. மாலையில் ஏறியபோதே பக்கத்துக் கதவருகில் நின்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டுக்கும் தேவை வந்திராது.

அன்றிரவு கப்பல் பினாங்கை விட்டு அகன்றதும், துணைவியார் எங்கள் அறையிலிருந்த தடித்த துவாலைகள் இரண்டை எடுத்துக்கொண்டு மருமகளோடு பக்கத்து அறைக்குப் போனார். மேசைமேல் விரித்துக் காய் ஆடும்படி சொல்லிவிட்டு வந்தார். போன இருவரும் அரைமணி நேரம் கழித்தே திரும்பினர். மூன்று மகள்களின் பிள்ளைகள் எத்தனை, யார் யார் எங்கே படிக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவந்துவிட்டார்கள்!

ஆட்டம் அன்றும் நடந்தது. துவாலையின்மேல் காய்கள் மழைத்துளி போல் விழுந்தன. ஒரு மணிக்கு மேல் சிரிப்பு ஒன்று பலமாகவே எழுந்தது. முதியவர் வென்றிருப்பார் போலும். துணைவியார் புரண்டு படுத்தார், அவ்வளவே. காலையில் நாங்கள் பூனை போல் நடந்தோம். நடைவழிக் கதவைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று கட்டளை. தொழுகைக்குப் பின் மகன் ஒவ்வொருவராய் வெளியே விட்டு, கதவின் விளிம்பைக் கையால் பற்றி, அது சத்தமின்றிப் பொருந்தும்வரை நின்றான். பேரன் மட்டும் ஒரு முறை மறந்துவிட்டான். 'படார்!' எல்லோரும் மூச்சடக்கி நின்றோம். பக்கத்து அறையில் அசைவில்லை.

மூன்றாம் இரவு வேறு கதை. நடைவழியின் எதிர்ப்புறத்தில் யாரோ பாட்டுப் போட்டார்கள். மகன் தொலைபேசியை எடுக்கப் போக, "முதலில் நான் போய்ப் பார்க்கிறேன்" என்று துணைவியார் தடுத்தார். ஆனால், அதற்குள் பாட்டு நின்றுவிட்டது.

நான்காம் நாள் காலை சிங்கப்பூரில் இறங்கும் நேரம். பெட்டிகளோடு நாங்கள் வெளியே வந்தபோது பக்கத்து அறை திறந்திருந்தது. முதியவரின் நாற்காலி வாயிலை ஒட்டி நின்றது. மகள்கள் உள்ளே பொருள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை நிறையப் பைகள். கதவை விட்டுவிட்டேன். அது வேகமெடுத்து மூடிக்கொள்ளப்போன கணத்தில், முதியவர் நாற்காலியிலிருந்தபடியே கையை நீட்டி அதன் விளிம்பைப் பிடித்தார். மெதுவாக, மிக மெதுவாக, அது பொருந்தும்வரை விட்டுக்கொடுத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார். மகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"உள்ளே யாரோ தூங்குகிறார்களாம், அங்கிள்."