ஏழடி அகலத்தில் ஒரு வீடு

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில், ஃபாக்ஸ்டன் என்றொரு சிற்றூர் உள்ளது. ஊர் சிறியதாயினும் அதன் ஓரமாக உள்ள குன்றுச் சரிவைக் காண மக்கள் திரண்டு வருகின்றனர். அச்சரிவில் பத்து நீர்ப்பூட்டுகள் படிக்கட்டுப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. நீர்ப்பூட்டு என்பது முன்னும் பின்னும் கதவுள்ள ஓர் அறை. படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து நீரை நிரப்பினால் படகு உயரும். நீரை வடித்தால் தாழும். 1814-இல் திறக்கப்பட்ட இப்பத்துப் படிகளும் படகை 75 அடி உயரத்துக்கு ஏற்றிவிடுகின்றன. ஏறி முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். ஒவ்வொரு படியிலும் சிவப்பு நிறத்தில் ஒன்றும் வெள்ளை நிறத்தில் ஒன்றுமாக நீர்த்திறப்புகள் உள்ளன. சிவப்பை முதலில் திறக்க வேண்டும். வெள்ளையைப் பின்னர்த் திறக்க வேண்டும். முறை மாறினால் நீர் கரைபுரண்டு வழியும்.

இவ்வளவு நேரம் ஆகிறதே என்று சலித்து, 1900-இல் அருகிலேயே ஒரு சாய்தளம் அமைத்தனர். இரு பெருந்தொட்டிகளில் படகுகளை நீரோடு மிதக்கவிட்டு, நீராவி எஞ்சினால் ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் இழுத்தனர். சில ஆண்டுகளே அது ஓடிற்று. போதிய படகுகள் வராமையால் கைவிடப்பட்டுப் பின்னர்ப் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. பழைய படிகளோ இன்றும் வேலை செய்கின்றன.

இந்நீர்ப்பூட்டின் அகலம் ஏழடி. அதில் நுழையும் படகின் அகலம் ஆறடி பத்தங்குலம். நீளம் மட்டும் எழுபது அடி வரை போகலாம். நீண்ட பென்சிலைப் போன்ற இப்படகை ஆங்கிலேயர் 'நேரோபோட்' என்கின்றனர். ஒடுங்கிய படகு என்பது பொருள். 1761-இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் நிலக்கரியை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டு சேர்த்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பிரிண்ட்லி, பின்னர்த் தாம் வகுத்த நடுநாட்டுக் கால்வாய்களுக்கு ஏழடி நீர்ப்பூட்டுப் போதும் என்று முடிவு செய்தார். நீரும் மிச்சம், கட்டுச்செலவும் மிச்சம் என்பது கணக்கு. அன்று ஒருவர் இட்ட அந்த அளவுக்குள்தான் இன்றும் அக்கால்வாய்களில் ஒரு குடும்பம் தன் அடுப்பையும் கட்டிலையும் அடக்கிக்கொள்கிறது.

குடும்பம் படகேறிய வரலாறு துயரமானது. இரயில் வந்து சரக்குக் கூலி விழுந்தபோது, கரையில் வீட்டு வாடகை கொடுக்க இயலாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினர். சரக்குக்கு விட்டது போக எஞ்சிய பின்னறை ஏறத்தாழப் பத்தடி நீளமே. அதற்குள் தாய், தந்தை, குழந்தைகள், கரியடுப்பு, மடக்குக் கட்டில் எல்லாம். அச்சுவர்களில் ரோஜா மலர்களையும் கோட்டைகளையும் பளிச்சென்ற நிறங்களில் தீட்டி வைத்தனர். நெருக்கத்தையும் நோயையும் கண்டு அஞ்சிய அரசு 1877-இலும் 1884-இலும் சட்டம் இயற்றி, ஒரு படகில் எத்தனை பேர் உறங்கலாம் என வரையறுத்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. அத்தோடு சரக்குத் தொழில் பெரும்பாலும் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1944-இல் எல்.டி.சி. ரோல்ட் எழுதிய 'நேரோ போட்' என்னும் நூல் கால்வாய்களின் மீது பலருக்கு அன்பை ஊட்டியிருந்தது. சரக்குப் படகு போய் உல்லாசப் படகு வந்தது. இப்போது வாடகையைத் தாங்க மாட்டாதவர்கள் மீண்டும் படகேறுகின்றனர். காலச்சக்கரம் சுழன்று பழைய இடத்துக்கே வந்தது போலும்!

ஃபாக்ஸ்டன் படிகளின் அடியிலிருந்து ஒரு கிளைக்கால்வாய் வயல்களினூடே வளைந்து சென்று, ஐந்தாறு மைல் தொலைவில் மார்க்கெட் ஹார்பரோ என்னும் சந்தை நகரில் முடிகிறது. அந்நகரில்தான் ஸ்பிரிங்கர் என்னும் பட்டறை இருந்தது. 1970களிலும் 1980களிலும் எளிய வருவாயுள்ளோர் வாங்கத்தக்க விலையில் எஃகுப் படகுகளை அது மிகுதியாகக் கட்டித் தந்தது. பலவற்றின் அடிப்பாகம் தட்டையாக இராமல் ஆங்கில 'வி' எழுத்தைப் போல் கூம்பியிருக்கும். தகடு இக்காலப் படகுகளினுடையதைவிட மெல்லியது. பழைய எரிவாயுத் தொட்டிகளை வெட்டிச் செய்தார்கள் என்றொரு வதந்தி கால்வாயெங்கும் உலவுகிறது. கேட்கச் சுவையாயிருப்பதால் உலவுகிறது, அவ்வளவே. 1990களின் நடுவில் பட்டறை மூடப்பட்டது. படகுகள் மூடப்படவில்லை. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன, கைமாறுகின்றன.

சேமிப்பு முழுவதையும் கொட்டி அத்தகைய படகொன்றை வீடாக வாங்க விழையும் இளந்தம்பதியர் யாரை நம்புவது? பழுதென்றால் கேட்கக் கட்டியவர் இல்லை. வரைபடம் கேட்டால் தருவார் இல்லை. உத்தரவாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1998-க்குப் பின் கட்டிய படகுகளுக்கு ஐரோப்பிய விதிப்படி அடையாள எண்ணும் பொறித்த தகடும் வந்தன. அதற்கு முந்தியவற்றுக்கு அதுவும் கிடையாது. பட்டறையின் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவரும் உண்டு. அப்பெயருக்காகவே கூடுதலாய்க் கொடுப்பவரும் உண்டு. இருவரும் பெயரைப் பார்க்கின்றனர், படகைப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நாற்பது ஆண்டு நீரில் கிடந்த எஃகைக் கட்டியவர் காத்ததைவிட, அடுத்தடுத்து வைத்திருந்தவர்களே காத்திருப்பர், அல்லது கெடுத்திருப்பர். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்குகிறோம்; அது பிறந்த தொழுவத்தை யார் கேட்கிறார்கள்?

படகின் பல்லைப் பிடிக்கும் வழி, அதனை நீரிலிருந்து வெளியே எடுப்பது. வாங்குபவர் தம் செலவில் ஓர் ஆய்வாளரை அமர்த்துவார். அவர் சுத்தியலால் தட்டிக் கேட்பார். பாசியையும் பழைய தாரையும் சுரண்டுவார். ஒலியலைக் கருவியை வைத்துத் தகட்டின் கனத்தை இடந்தோறும் அளப்பார். எங்கெங்கே துரு குழியாக அரித்திருக்கிறது என்று பார்ப்பார். இன்று வழக்கமாக அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேலறைச் சுவர் 4 என்று கட்டுகின்றனர். பழைய படகில் நீருக்கடியில் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காப்புறுதி நிறுவனங்கள் பல தயங்குகின்றன. அப்போது மேலே புதுத்தகடு ஒட்டவைத்து அடிப்பகுதி முழுவதையும் பற்றவைப்பார்கள். அது பெருஞ்செலவு. மேலும் அத்தனை இரும்பும் கூடுவதால் படகு முன்னிலும் ஆழமாக அமிழும். நீர்மட்டத்துக்கு மேலிருந்த காற்றுத்துளையும் வடிகால் துளையும் நீரை நெருங்கும். புதுத்தகட்டைக் கண்டு மகிழ்கிறவர் இதனையும் அளந்து பார்க்க வேண்டும்.

அடியில் மக்னீசியக் கட்டிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். எஃகை அரிக்க வேண்டிய அரிப்பைத் தாம் ஏற்றுக் கரைந்துபோவதே அவற்றின் வேலை. கட்டி தேய்ந்திருந்தால் நன்று, அது பணிசெய்திருக்கிறது. முற்றிலும் தீர்ந்து நெடுங்காலமாயிருந்தால் அதன் பின் எஃகே கரைந்திருக்கும். கரையிலிருந்து மின்கம்பி இழுத்துப் பல ஆண்டு ஒரே இடத்தில் நின்ற படகில், காப்புக் கருவி இல்லாவிட்டால், இவ்வரிப்பு விரைந்து நடக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கரும்பூச்சு பூசப்பட்டதற்கான பற்றுச்சீட்டுகள் விற்பவரிடம் இருந்தால், பட்டறையின் விளம்பரத்தைவிட அவையே நல்ல சாட்சி.

தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பலர் ஏமாறுகின்றனர். நான்காண்டுக்கொரு முறை பெறும் பாதுகாப்புச் சான்றிதழ், எரிவாயு, மின்சாரம், அடுப்பு, எரிபொருள் ஆகியவற்றைப் பற்றியதே. 2019 முதல் குடியிருப்பறையுள்ள படகுகளில் நச்சுப்புகை எச்சரிக்கைக் கருவியும் இருத்தல் வேண்டும். உறங்கும் பிள்ளைகளைக் காக்கும் கருவி அது. ஆனால் அடித்தகடு ஓட்டையா என்பதைப் பற்றி அச்சான்றிதழ் ஒன்றும் சொல்லாது. கால்வாய் உரிமமும் உடைமைப் பத்திரமன்று. வீடு நிலங்களுக்குள்ளது போன்ற பதிவுமுறை இங்கில்லை. எனவே முந்தைய விற்பனைச் சீட்டுகள் கைமாறிய வரிசையில் இருக்கின்றனவா, கடன் ஏதேனும் நிற்கிறதா என்று பார்த்து, ஆய்வின் முடிவுக்கு உட்பட்டே முன்பணம் என்று எழுதி வாங்கிக்கொள்வது முறை.

வாங்கிய பின் நிறுத்த இடம் வேண்டும். நிலையான துறை கிடைக்காதவர், 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓரிடத்தில் பொதுவாகப் பதினான்கு நாளுக்கு மேல் தங்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளுள்ள வீட்டுக்கு இது எளிதன்று. பெற்றோர் படகை ஒரு திசையில் நகர்த்திவிட்டு, மிதிவண்டியில் பிள்ளையை மறுதிசையில் பள்ளிக்குக் கூட்டிச் செல்ல நேரும்.

படகின் பெயரை அது நீரில் இருக்கும்போது மாற்றக்கூடாது, மாற்றினால் தீங்கு என்பது படகோட்டிகளிடையே உள்ள நம்பிக்கை. ஆதலின் ஆய்வுக்காகக் கரையேற்றிய அந்த நாள்களிலேயே, விலை படிந்துவிட்டால், புதியவர்கள் பழைய பெயரை அழித்துத் தம் மகளின் பெயரையோ தாயின் பெயரையோ எழுதிக்கொள்கின்றனர். பக்கவாட்டில் உள்ள உரிம எண் மட்டும் மாறுவதில்லை.